நாவும் பல்லும்

“பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பல் விழுந்தபின் சொல் குழறும் என்பது அதன் பொருள். பல் விழாதிருந்தும், அது நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமையாற் சொல் குழறுவதும் உண்டு. அவ்வாறு இடம் பெயர்ந்த பல்லைப் பல் வைத்தியர் கம்பி கட்டி நேராக்கிவிடுவர். ஆயினும், நேராக்கிய பல் சில ஆண்டுகளுள் மீண்டும் பழைய இடத்தை நாடிச் செல்வதை நம்முட் பலர் கண்டிருப்போம். அஃது ஏன் அவ்வாறு செல்கின்றது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முன்னாளிற் பல்லுக்குக் கம்பி கட்டுதல் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரிய காரியமாகக் கருதப்பட்டது. இன்றோ கண்டி நகரின் வங்கிகளிலும் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பணியாற்றும் முப்பது, நாற்பது வயதினரும் கம்பி கட்டிக்கொள்ளுகின்றனர். நம் பழைய மாணவர் சிலரையும் அக்கோலத்திற் கண்டுள்ளேன். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று அவர்களைப் பார்த்து நகைப்பாரும் உளர். பல் ஐம்பதிலும் வளையும். வளையத் தயங்குவது, பல்லைச் சூழ்ந்துள்ள நாவும் உதடும் கன்னமும் பல்லாண்டாகப் பழகிவிட்ட பழக்கமே. ஆதலால், வளர்ந்தோர் தம் பற்களைச் சீராக்க முற்படும்போது, கம்பியோடு வாய்த்தசைகளுக்கு உரிய பயிற்சியையும் சேர்த்து மேற்கொள்ளல் நன்று என்னுங் கருத்து வைத்தியரிடையே இடம்பெற்று வருகின்றது. அப்பயிற்சியை மேனாட்டார் ‘மயோபங்ஷனல் தெரப்பி’ என்பர். தமிழில் ‘வாய்த்தசைப் பயிற்சி’ என்று வழங்கலாம்.

பல் வைத்தியம் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதேன் என்று வினவுவார் உளராகலாம். காரணம் இரண்டு. நாவின் இருப்பிடம் பற்றிய அறிவு தமிழிலக்கணத்துக்குப் பழையது என்பது ஒன்று. அக்குறையை யானே உடையவனாயிருந்து, ஒரு முறை தோற்றவன் என்பது மற்றொன்று.

கடைவாய்ப் பற்களை இறுகக் கடித்தபோதும், என் மேல் முற்பற்களுக்கும் கீழ் முற்பற்களுக்கும் இடையே சிறுவிரலின் நுனி நுழையத்தக்க இடைவெளி இருந்தது. வைத்தியர் இதனைத் ‘திறந்த கடி’ என்பர். பாண் துண்டை முற்பல்லாற் கடித்தெடுக்க இயலாது. சகரத்தை ஒலிக்குந்தோறும் நா அவ்விடைவெளியில் நுழைந்து ஒலியைச் சிதைக்கும். ஆசிரியனாகிப் பல ஆண்டு சென்றபின், ஒருநாள் ஏழாந்தர வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பிச் ‘சிலப்பதிகாரம்’ என்று சொல்லச் செய்தேன். அவன் யான் சொன்னவாறே, என் சிதைவோடும் சேர்த்துச் சொன்னான். அவன் என்னை எள்ளவில்லை. ஆசிரியர் ஒலிப்பதே முறையான ஒலிப்பென்று எண்ணிச் சொன்னான். அதுவே என் நெஞ்சிற் தைத்தது.

அதன்பின் முப்பத்து மூன்றாம் வயதிற் கம்பி கட்டுவித்துக்கொண்டேன். இரண்டாண்டில் இடைவெளி மூடிற்று. கம்பியைக் கழற்றியபோது, பற்கள் நகராதபடி இரவில் அணியுமாறு ஒரு தட்டுத் தந்தனர். சில மாதங்களில் அதனை ஒரு பேழைக்குள் வைத்து மறந்துவிட்டேன். அடுத்த இரண்டாண்டில், மூடிய இடைவெளியிற் பாதி மீண்டும் திறந்துகொண்டது. பிழை கம்பியினது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். நாற்பதாம் வயதில் மறுபடியும் சென்றபோது, வைத்தியர் என் பல்லைப் பார்க்குமுன் ஒரு குவளை நீரைத் தந்து, குடிக்கச் சொல்லி, என் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் என் நா முற்பற்களிடையே புகுந்து முட்டுக்கொடுப்பதையும், சும்மா இருக்கும்போதும் அங்கேயே கிடப்பதையும் கண்ணாடியிற் காட்டினார். நாற்பது ஆண்டாக என் வாயில் நிகழ்ந்ததை யான் அறிந்தது அன்றுதான்.

பற்கள் நகரும் முறை

பல் சுவரில் அறைந்த ஆணி போன்றதென நாம் எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. பல்லின் வேருக்கும் அதனைத் தாங்கும் தாடையெலும்புக்கும் இடையே ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் அகலமான ஓர் இடைவெளி உண்டு. நுண்ணிய நார்கள் அதனை நிரப்பிப் பல்லை எலும்போடு பிணைத்து நிற்கின்றன. பல்லை ஒரு பக்கமாக மெல்லென, ஆனால் விடாது அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் கலங்கள் தோன்றி எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். மறுபக்கத்தில் நார் இழுபடுதலால், எலும்பை ஆக்கும் கலங்கள் புதிய எலும்பை இடும். இவ்வாறு ஒரு புறம் கரைந்தும் மறு புறம் வளர்ந்தும் பல் தன் குழியோடு நகருகின்றது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நகர்ந்தாற் போதுமென வைத்தியர் அமைவர்.

இத்தொழில் வளர்ந்தோர் உடம்பிலும் நிகழும். தொடக்கத்திற் சிறிது தாமதமாகலாம். முரசு நோயுற்றிருப்பின் அதனை முதலிற் குணப்படுத்தவேண்டும். இவ்விரண்டையும் கருத்திற்கொண்டால், பல்லை நகர்த்துதற்கு வயது ஒரு தடையன்று. தாடையெலும்பின் வளர்ச்சி நின்றுவிட்டமையே சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் உள்ள பெரிய வேறுபாடு. மேற்றாடையும் கீழ்த்தாடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவிற் பெரிதாயோ சிறிதாயோ இருப்பின், வளர்ந்தோர் சிலர்க்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டப்படும்.

ஈண்டுக் கருதவேண்டியது ஒன்றுண்டு. பல்லை நகர்த்துதற்குப் பெரு வலிமை வேண்டுவதில்லை. சிறிய வலிமையே போதும். ஆனால் அது நெடுநேரம் நிற்றல் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரமாவது அழுத்தம் நிலைத்திருந்தாலே பல் நகரும் என்பது இத்துறையறிஞர் கொள்கை. கம்பி பல்லை வெல்வது தன் வலிமையாலன்று, இடைவிடாமையாலேயாம். அந்த இடைவிடாமை நாவுக்கும் உதட்டுக்கும் உண்டு.

உள்ளும் புறமும்

பல்வரிசை இரு படைகளுக்கு இடையே நிற்கும் வேலி போன்றது. உள்ளே நின்று நா தள்ளும். புறத்தே நின்று உதடும் கன்னமும் தாங்கும். இவ்விரு விசைகளோடு, பல்லைப் பிணைக்கும் நார்களின் இழுவையும் கூடிச் சமனாகும் இடத்திலே பல் நிற்கும். பல்லின் நிலைக்கு வாய்ப் பழக்கமும் காரணமாகும் என்பதை இத்துறையின் முன்னோடியான அமெரிக்கர் எட்வேட் ஆங்கிள் 1907 இல் வெளிவந்த தம் நூலிலேயே எடுத்துரைத்தார். நாவையும் உதட்டையும் பயன்படுத்தும் தீய பழக்கம், வாயால் மூச்சு விடுதல் ஆகியவற்றை அவர் சுட்டினார். 1918 இல் அல்பிரட் றொஜர்ஸ் என்பவர் முகத்தசைகளுக்குரிய பயிற்சிகளை வகுத்து வெளியிட்டார். வாய்த்தசைப் பயிற்சியின் தொடக்கம் அதுவே எனலாம். பின்னர் அப்பயிற்சி சிலகாலம் செல்வாக்கிழந்தும் சிலகாலம் தலையெடுத்தும் வந்துள்ளது.

செல்வாக்கிழந்ததற்குக் காரணமும் உண்டு. விழுங்கும்போது நா பல்லைத் தள்ளுவதே எல்லாக் குறைக்கும் மூலம் என்று ஒருகாலத்திற் சிலர் கருதினர். 1978 இல் வில்லியம் புறொபிற் என்னும் அறிஞர் இச்சமநிலைக் கொள்கையை மீண்டும் ஆராய்ந்தார். ஒருவர் நாளொன்றுக்கு விழுங்குவது ஆயிரம் முறைக்கு உட்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு விநாடியளவே நிற்கும். ஆகவே, நாள் முழுவதும் கூட்டினாலும் பதினேழு நிமிடத்துக்கு மேற்படாது. ஆறு மணி நேரம் வேண்டும் பல்லைப் பதினேழு நிமிடம் என் செய்யும்? எனவே, விழுங்கும் கணத்தின் பெருவிசையினும், நாவும் உதடும் சும்மா இருக்கும்போது பல்லின்மேல் விடாது சார்த்தும் சிறுவிசையே பல்லின் நிலையைத் தீர்மானிக்கின்றது என்று அவர் முடிவு கூறினார். திறந்த கடியுள்ளவர் நாவை முன்னே நீட்டி விழுங்குவது பல வேளைகளில் அவ்விடைவெளியின் விளைவே அன்றிக் காரணமன்று என்றும் அவர் கொண்டார். இடைவெளி இருக்கும் வாயில் நீர் வெளியே வழியாதபடி அடைத்தற்கு நா அங்கே செல்லத்தானே வேண்டும்?

இவ்வாராய்ச்சி வாய்த்தசைப் பயிற்சியைத் தள்ளவில்லை. அதன் நோக்கைத் திருத்திற்று. இன்றைய பயிற்சி விழுங்கும் முறையை மட்டும் கற்பிப்பதன்று. நா எங்கே குடியிருக்கவேண்டும், உதடு எவ்வாறு மூடியிருக்கவேண்டும், மூச்சு எவ்வழி செல்லவேண்டும் என்னும் மூன்றையுமே அது முதன்மையாகக் கற்பிக்கின்றது.

மூச்சுக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. மூக்கு அடைபட்டவன் வாயைத் திறப்பான். வாய் திறந்தால் கீழ்த்தாடை தாழும், நா அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கும், உதடுகள் விலகும். உள்ளும் புறமும் இருந்த சமநிலை குலையும். சன்பிரான்சிஸ்கோவில் எகில் ஹாவோல்ட் என்பார் குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த ஆய்வுகளில், அவை வாயால் மூச்சு விடப் பழகியபின் அவற்றின் தாடையும் பல்வரிசையும் பலவாறு மாறியமை காணப்பட்டது. அம்முடிவுகள் 1981 இல் வெளியாயின. மலைநாட்டின் குளிரிலும் ஈரத்திலும் வாழும் நமக்கு இது சிந்திக்கத்தக்கது. ஈரமான சுவரிற் படரும் பூஞ்சணமும், மெத்தையில் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சியும் மூக்கடைப்பை வளர்ப்பன. ஆண்டில் பாதி நாள் மூக்கடைப்போடு வாய் திறந்து உறங்கும் ஒருவர், முதலிற் காது மூக்குத் தொண்டை வைத்தியரைக் காண்பதே முறை. வழி அடைபட்டிருக்க, வாயை மூடு என்று பயிற்சி கொடுப்பது வீண்.

பிறப்பியல் காட்டும் இடம்

நா குடியிருக்கவேண்டிய இடம் எது? இதனை விளக்கப் பயிற்சியாளர் பலவாறு முயல்வர். தமிழ் கற்றவர்க்கோ அது எளிது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல் ஆகும். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நா, பல், இதழ், அண்ணம், மூக்கு ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகப் பிறக்கும் முறையை ஆசிரியர் அங்கே வகுத்துக் கூறுகின்றார். நாவின் எப்பகுதி அண்ணத்தின் எப்பகுதியைத் தொட எவ்வொலி பிறக்கும் என்று அவர் நுணுகிக் காட்டுவதை, ஆசிரிய கலாசாலையில் மனனஞ் செய்த நாளில் யான் வெறும் இலக்கணமாகவே கொண்டேன். என் வாய்க்கு அது மருந்தாகும் என்று அன்று நினைத்திலேன்.

வாசகர் இப்பொழுதே செய்து பார்க்கலாம். முதலில் ‘பந்து’ என்று சொல்லி, நகரத்தில் நிறுத்துக. நாவின் நுனி மேற்பல்லின் அடியிலே படிந்து நிற்கும். அடுத்து ‘அண்ணம்’ என்று சொல்லி, ணகரத்தில் நிறுத்துக. நுனி பின்னோக்கி வளைந்து உள்ளண்ணத்தைத் தொடும். இனி ‘அன்னம்’ என்று சொல்லி, னகரத்தில் நிறுத்துக. நுனி பல்லைத் தொடாது, மேல் முற்பற்களுக்குச் சற்றுப் பின்னே உள்ள சிறு மேட்டைத் தொட்டு நிற்கும். பயிற்சியாளர் தேடும் இடம் அதுவே. நுனி அவ்விடத்தே அமைய, நாவின் உடலும் மெல்லென மேலெழுந்து அண்ணத்தோடு சார்ந்திருக்க, உதடுகள் வருத்தமின்றி மூடியிருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க, மூச்சு மூக்கின்வழி இயங்கவேண்டும். பேசாது, உண்ணாது இருக்கும் நேரமெல்லாம் வாயின் இயல்பான இருக்கை இது. என் நா அதுகாறும் குடியிருந்தது நகரத்தின் இடத்தில். அதையும் கடந்து பல்லின் வெளியில். அதனை னகரத்தின் இடத்துக்குக் குடிபெயர்த்தலே யான் செய்யவேண்டியிருந்த பயிற்சி.

பயிற்சிகள் எளியன. நாவை முழுவதும் அண்ணத்தோடு ஒட்ட உறிஞ்சி, பின் ‘டொக்’ என்று விடுவித்துக் குதிரைக் குளம்பொலி எழுப்புதல் ஒன்று. அவ்வாறு ஒட்டியபடியே வாயைத் திறந்து சில விநாடி நிறுத்தல் மற்றொன்று. கம்பிக்கு இடும் சிறு இறப்பர் வளையத்தை நா நுனியில் வைத்து, அதனை னகரத்தின் இடத்திற் பொருத்தி, பற்களைச் சேர்த்து, உதட்டைச் சுருக்காமல் ஒரு மிடறு நீரை விழுங்குதல் இன்னொன்று. மெல்லிய தாளை உதடுகளிடையே பற்றிக்கொண்டு, வாய் திறவாமல் மூக்கால் மூச்சு விட்டிருத்தல் வேறொன்று. இவற்றைச் செய்ய ஒரு நாளிற் சில நிமிடமே போதும். தசை சில வாரங்களிற் பழகிவிடும். அரிய பகுதி அதன் பின்னரே வருவது: நினைந்து செய்ததை நினையாமற் செய்யும் நிலைக்குக் கொண்டுவருதல். “தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பர். வளர்ந்தோர் தொட்டிற் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கிற் காவல் இருக்கவேண்டும். யான் கரும்பலகையின் மூலையில் ‘ன்’ என்று சிறிதாக எழுதிவைத்திருந்தேன். மாணவர் அதனை இலக்கணக் குறிப்பென்று எண்ணினர். அது என் நாவுக்கு யான் இட்ட கட்டளை.

இரண்டையும் சேர்க்கும் முறை

கம்பியையும் பயிற்சியையும் எவ்வரிசையிற் சேர்ப்பது என்பது ஆளுக்கேற்ப மாறும். ஆயினும் பொதுவான முறை ஒன்றுண்டு. முதலில் மூக்கு, தொண்டைச் சதை, நாவின் அடியிலுள்ள கட்டு ஆகியவை ஆராயப்படும். நாவின் கட்டுக் குறுகியிருப்பின், நா அண்ணத்தை எட்டாது. எட்டாத நாவுக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. அடுத்து, மேற்றாடை நாவுக்குப் போதிய அகலமுடையதா என்று பார்க்கப்படும். குறுகிய வீட்டிற் குடியிருக்கச் சொன்னால் நா வெளியே வரத்தான் செய்யும். சிறுவர்க்கு அண்ணத்தின் நடுப்பொருத்தை விரிக்குங் கருவியால் அகலப்படுத்துவர். வளர்ந்தோர்க்கு அப்பொருத்து இறுகிவிடுதலால், எலும்பிற் பொருத்தும் சிறு திருகாணிகளின் துணையோ அறுவைச் சிகிச்சையோ சிலர்க்கு வேண்டப்படும்.

இவை முடிந்தபின், அல்லது இவற்றோடு உடனாக, பயிற்சியும் கம்பியும் தொடங்கும். கம்பி பல்லை நகர்த்தி இடைவெளியை மூடுந்தோறும் நா வெளியே செல்லும் வாயில் அடைபட்டு வருதலால், பயிற்சியும் எளிதாகும். பயிற்சி நாவைப் பின்னே நிறுத்துந்தோறும் கம்பியின் வேலையும் எளிதாகும். ஒன்றுக்கொன்று துணையாகும் இவ்வியல்பே இரண்டையும் சேர்த்துச் செய்வதன் பயன்.

கம்பி கழன்றபின் உள்ள காலமே யாவற்றினும் முக்கியமானது. முரசிலுள்ள நார்கள் பல்லின் புதிய இடத்துக்கு இணங்கிவர மாதங்கள் பல செல்லும். அவற்றுட் சில ஓராண்டளவும் பழைய இடத்துக்கே பல்லை இழுக்கும். அதுவரை மட்டுமன்று, அதன் பின்னும் நிலைநிறுத்துந் தட்டு வேண்டும். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் றொபேட் லிற்றிலும் துணைவரும் 1981 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பல் பிடுங்கிச் சீராக்கப்பட்ட 65 பேரை, தட்டை விட்டுப் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, கீழ் முற்பற்கள் திருப்தியாக நின்றவர் நூற்றுக்கு முப்பதின்மருங் குறைவு. தட்டைப் பேழையில் வைத்து மறந்த எனக்கு இக்கணக்கு நன்றாய்ப் பொருந்தும். பயிற்சி தட்டுக்கு மாற்றன்று, அதற்குத் துணை.

சான்றும் எச்சரிக்கையும்

இப்பயிற்சி உண்மையிற் பயன் தருமா என்று வினவுவது கற்றோர் கடமை. 2010 இல் ஸ்மித்பீற்றர், கவெல் என்போர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று திறந்த கடி உடையாரைப் பற்றியது. கம்பியோடு வாய்த்தசைப் பயிற்சியும் பெற்ற 27 பேரையும், கம்பி மட்டும் பெற்ற 49 பேரையும் அவர்கள் ஒப்புநோக்கினர். மூடிய இடைவெளி மீண்டும் திறந்த அளவு முதற்பிரிவினர்க்குச் சராசரி 0.5 மில்லிமீற்றர், இரண்டாம் பிரிவினர்க்கு 3.4 மில்லிமீற்றர். வேறுபாடு பெரிது. ஆயினும் இப்பிரிவுகள் குலுக்கல் முறையாற் பிரிக்கப்பட்டவையல்ல, தொகையும் சிறிது. ஆகவே இது நம்பிக்கையூட்டும் சான்றேயன்றி முடிந்த முடிபன்று. இத்துறையிலுள்ள பிற ஆய்வுகள் பலவும் இத்தகையனவே. பயிற்சியாற் கேடு பெரிதும் விளைவதில்லை. காலமும் பொறுமையுமே செலவு. அதனாலேயே திறந்த கடியுள்ளவர்க்கும், வாயால் மூச்சு விடுவார்க்கும், ஒருமுறை சீராக்கிய பல் மீண்டும் நகர்ந்தவர்க்கும் இதனைச் சேர்த்துச் செய்தல் தகும் என்பர்.

வளர்ந்தோர்க்கு வேறோர் பயனும் உண்டு. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுற்ற 31 பேரைக் கொண்டு பிறேசில் நாட்டின் சாவோ போலோ நகரிற் செய்யப்பட்டு 2009 இல் வெளிவந்த ஆய்வில், நாவுக்கும் தொண்டைக்கும் உரிய பயிற்சியை மூன்று மாதம் செய்தவர்க்கு, மணிக்கு ஏறத்தாழ 22 முறை நிகழ்ந்த தடை ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. அப்பயிற்சியும் வாய்த்தசைப் பயிற்சியின் இனமே.

ஆயின், மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நாவை அண்ணத்தில் அழுத்தினாற் தாடை அழகுபெறும், கோணற்பல் தானே நேராகும் என்று ‘மியூயிங்’ என்னும் பெயரிற் கைத்தொலைபேசித் திரையிற் பரவும் உரைகளை அவர்கள் கண்டிருப்பர். வளர்ந்தோரின் தாடையெலும்பை அவ்வாறு மாற்றலாம் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. பயிற்சி மட்டும் வளர்ந்தோரின் கோணற்பல்லை நேராக்காது. கம்பி மட்டும் பழக்கத்தைத் திருத்தாது. எவர்க்கு எது வேண்டும் என்பதை நேரிற் பார்த்த பல் வைத்தியரே கூறவல்லார்.

நமக்கு அண்மையில் உள்ளது

கண்டி வாழ் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. இலங்கையிற் பல்மருத்துவக் கல்வி 1943 இற் கொழும்பில், அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1954 இல் அது பேராதனைக்கு வந்தது. 1998 இல் யப்பான் நாட்டின் உதவியோடு அமைந்த புதிய பல் போதனா வைத்தியசாலை அங்கே திறக்கப்பட்டது. நாடெங்கும் பணிபுரியும் பல் வைத்தியர்களுட் பல தலைமுறையினர் பேராதனையிற் பயின்றவரே. நம் பிள்ளைகள் பேருந்தில் ஏறிச் சிறிது நேரத்திற் சென்றடையும் தொலைவில் இத்துணை அறிவு குடிகொண்டிருக்கின்றது.

ஆனால் வாய்த்தசைப் பயிற்சியின் பாதி, பல் வைத்தியரிடத்திலன்றிப் பேச்சுச் சிகிச்சையாளரிடத்தே உள்ளது. நாவை எங்கே வைப்பது, எவ்வாறு ஒலிப்பது என்பதை நோயாளியின் தாய்மொழியில், அம்மொழியின் ஒலிகளைக்கொண்டு கற்பிக்கவேண்டும். னகரத்தையும் ணகரத்தையும் வேறுபடுத்தி அறியாதவர் தமிழ்ப் பிள்ளைக்கு இப்பயிற்சியைக் கற்பித்தல் அரிது. இந்நாட்டிற் பேச்சுச் சிகிச்சையாளரே சிலர். அவருள் தமிழிற் பயிற்சியளிப்போர் மிகச் சிலர். தோட்டப்புறங்களிலிருந்து வரும் தொழிலாளி ஒருவர் தம் தாய்மொழியில் இதனைக் கேட்டறியும் வாய்ப்பு அரிதாயிருப்பது வருந்தத்தக்கது. என் பயிற்சியும் பெரும்பாலும் ஆங்கிலத்திலே நிகழ்ந்தது. சொன்னதைத் தமிழொலிக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு, யான் தமிழாசிரியனாதலாற் கிடைத்தது. எல்லார்க்கும் அது கிடையாது.

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் உள்ளது. பேச்சும் கேட்டலும் பற்றிய விஞ்ஞானத்தை அங்கே பட்டப்படிப்பாகக் கற்கலாம். உயர்தர வகுப்பில் உள்ள நம் மாணவர் மருத்துவர், பொறியியலாளர் என்னும் இரு வழிகளையே நோக்காது, இவ்வழியையும் நோக்குவாராக. தமிழை நன்கு கற்ற மாணவன் ஒருவன் அத்துறையிற் புகுவானாயின், பிறப்பியலைப் பரீட்சைக்காக மட்டும் கற்றவனாகான். பழைய மாணவர் சங்கத்தினர் அத்தகையார்க்கு உதவிப் பணம் ஒன்றை நிறுவுவராயின், அது நெடுநாள் நின்று பயன்தரும் பணியாகும். வகுப்பாசிரியர்களும் ஒன்று செய்யலாம். எப்போதும் வாய் திறந்திருக்கும் பிள்ளையையும், சொல்லும்போது பல்லிடை நா தோன்றும் பிள்ளையையும் கடிந்துகொள்ளாது, பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தியரிடம் அனுப்பலாம். எனக்கு எட்டு வயதில் எவரேனும் அவ்வாறு சொல்லியிருப்பின், நாற்பதில் யான் பட்ட பாடு குறைந்திருக்கும்.

இரண்டாம் முறை கட்டிய கம்பி கழன்று மூன்றாண்டாகின்றது. இடைவெளி மூடியபடியே உள்ளது. தட்டு இரவுதோறும் வாயில் இருக்கின்றது, பேழை வெறிதாயிற்று. சகரம் முற்றும் திருந்திவிட்டதென்று சொல்லேன். களைத்த நாளிற் கடைசிப் பாடவேளையில் அது சிறிது வழுக்கும். அப்போதெல்லாம் கரும்பலகையின் மூலையை நோக்குவேன். சென்ற தவணை ஏழாந்தர வகுப்பிற் ‘சிலப்பதிகாரம்’ என்று சொல்லச் செய்தபோது, வகுப்பு முழுதும் அச்சொல்லைச் செவ்வனே திருப்பிச் சொல்லிற்று.